சத்தமில்லாத கேசிங்

ஜூன் 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடத்துக்கு இன்றும் லீவு சொன்னேன். பிள்ளைகளுக்கு நான் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துப் பல நாளாகிறது.

டேப் எடுத்து அளந்தேன். கட்டிலின் கால்மாட்டில் வீல்செயர் திரும்பாது. குறுக்கே கம்ப்யூட்டர். பழைய டவர் கேசிங், பெட்டகம் மாதிரி. தள்ளி வைத்தால் கதவு திறக்காது. தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பரா, இடத்துக்கு எங்கே போவது.

டிவிக்குக் கீழே சுவரில் பலகை அடித்து, அதில் அடங்கும் சின்ன கேசிங் ஒன்று வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாமலும் முடியாது. இங்கே சிக்னல் வருவதே பெரிய விஷயம். படமெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில்தான். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓட வேண்டும். என் வீட்டுக்காரர் சேகருக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. பட்டனை அழுத்த விரலில்லை.

கித்துல்கலயில் வெளிநாட்டுக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றி ஆற்றில் இறக்குகிற வேலை அவருக்கு. போன வருஷம் படகு கவிழ்ந்தது. ஏறியவர்கள் எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். இவர் தலை பாறையில்.

அரிசி வாங்க வேண்டும். பேம்பர்ஸ். பலகைக்கு ஆணி.

ஜூன் 4, புதன்



மத்தியானம் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். சேகருக்குச் சளி அடைத்துவிட்டது. கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. அவருடைய குரல் இப்போது அவ்வளவுதான், பக்கத்தில் நின்றால் கேட்கும். அதற்கு மேல் டவருக்குள் சுற்றுகிற அந்த பேன், அரைக்கிற மெஷின் மாதிரி. பக்கத்துக் காம்பரா மேரி அக்கா குழம்பு கொடுக்க வந்தவர், உதடு நீலமாகியிருந்ததைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் தட்டியிருக்கிறார். நான் ஈரக்கையோடு ஓடி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

"நான் வராட்டி என்னா ஆவுறது புள்ள," என்றார் அக்கா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சின்னதாக இருந்தால் மட்டும் போதாது. சத்தமே வரக்கூடாது.

ஜூன் 5, வியாழன்

அவிசாவளை. அக்காவை இவரோடு இருத்திவிட்டுப் போனேன். பஸ்ஸில் முழு நேரமும் நின்றபடி. போனைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

கடைக்காரர் சிங்களவர், நிதானமான மனிதர். என்ன கேம் விளையாடவா நங்கி என்று, தங்கச்சியிடம் பேசுவது போலக் கேட்டார். வீட்டுக்காரர் படம் பார்க்க என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. மூன்று காட்டினார்.

புத்தகம் தடிமனில் ஒன்று. அழகு. என்னுடைய மதர்போர்ட் அதற்குள் போகாது.
கன சதுரமாக ஒன்று. எல்லாம் போகும். பலகையில் நிற்காது, டிவியை மறைக்கும்.
படுக்கை வாக்கில் தட்டையாக ஒன்று. போர்ட் போகும். பேன் மட்டும் குட்டையானதாக மாற்ற வேண்டும். பவர் சப்ளையும் சின்னது.

தட்டையானதை எடுத்தேன். குட்டை பேனும் சின்ன பவர் சப்ளையும் சேர்த்து. வரும் வழியில் யட்டியந்தோட்டை தாண்டியதும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

மாட்டினேன். தரையில் சாமான்களைப் பரப்பி வைத்து, சேகர் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க. வயர்கள் அடங்கவில்லை. மூடியைச் சாத்த முடியவில்லை. அழுத்தினால் பேனில் இடிக்கிறது.

"சாத்தாட்டி தொறந்தே வையி," என்றார்.

திறந்தே போட்டேன். சத்தம் பழையதைவிட மோசம். பேன் சின்னதாகிவிட்டதால் வேகமாகச் சுற்றி, கொசு காதுக்குள் புகுந்த மாதிரி ஒரே கீச்சு. அணைத்தேன். எல்லாவற்றையும் கழற்றித் திரும்பவும் டவரில் போட்டேன். ஸ்குரூ ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தேடவில்லை. அப்படியே தரையில் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

ஒரு பெட்டி. ஒரு பெட்டியைக்கூட என்னால் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மழை. ஒன்றுமில்லை. சேகருக்கு லேசாகக் காய்ச்சல்.

ஜூன் 9, திங்கள்

கிளினிக். த்ரீவீலில் சேகரைச் சேலையால் சீட்டோடு கட்டிக் கொண்டுபோனேன். அப்படியே கடையில் மாற்றிவரலாம் என்று காலையிலேயே டவரையும் தட்டைக் கேசிங்கையும் பின்னால் ஏற்றச் சொன்னது அவர்தான்.

டாக்டரம்மா நெஞ்சில் வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். மூச்சு இழுக்கிற சதை தளர்ந்துகொண்டே போகிறதாம். இனி ஒவ்வொரு சளியும் ஒரு படி கீழே இறக்கும், திரும்ப ஏறாது. எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் என்ன சொன்னார் என்று சேகர் கேட்கவேயில்லை. த்ரீவீல் நகர்ந்ததும், "கடைப்பக்கம் விடச் சொல்லு," என்றார்.

கடைக்காரர் குடையோடு ரோட்டுக்கே வந்தார். சாமானைப் பார்க்கக் குனிந்தவர் சேகரைப் பார்த்தார். சேலைக் கட்டைப் பார்த்தார். சேகர் அவரிடம் சிங்களத்தில் ஏதோ பகடியாகச் சொன்னார், என் பெண்சாதிக்குக் கேசிங் பைத்தியம் என்கிற மாதிரி. கடைக்காரர் சிரிக்கவில்லை. ஏன் நங்கி அன்றைக்கே சொல்லவில்லை என்று மட்டும் என்னிடம் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கறுப்பு அலுமினியத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி தகடுகள். பேனே கிடையாது. சூட்டைக் கேசிங்கே இழுத்துக்கொள்ளும். பவர் சப்ளை வெளியே, லேப்டாப் சார்ஜர் போல. யாரோ சொல்லி வைத்துவிட்டு வாங்க வராமல் போய்விட்டாராம். என் டவரையும் தட்டையானதையும் எடுத்துக்கொண்டு, இதற்குப் பொருந்தும் சின்ன போர்டும் சேர்த்துக் கொடுத்தார்.

வீடு வரும் வரை சேகர் ஆற்றுப்பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

ஜூன் 10, செவ்வாய், போயா, பௌர்ணமி லீவு

மழை விட்டிருக்கிறது. காலையில் பலகை அடித்தேன். மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டவரைக் கொடுக்கும்போது கழற்றி வைத்துக்கொண்ட ஹார்ட் டிஸ்க்கும் சத்தமில்லாத சில்லு மாதிரியானது, படங்களெல்லாம் அதில்தான். மூடியை ஒரே அழுத்தில் சாத்தினேன்.

போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு. வீல்செயரைக் கால்மாட்டில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன், எங்கும் இடிக்கவில்லை. சேகர் பார்த்துவிட்டு, "அப்பாடா," என்றார். பழைய காமெடிப் படம் ஒன்று வைத்தேன், சத்தத்தை நன்றாகக் குறைத்து. குறைத்தாலும் எல்லாம் கேட்டது.

குசினிக்குப் போனேன். அரிசி களைந்தேன். அங்கிருந்தே அவருடைய மூச்சு கேட்டது. இழுத்து, நின்று, திரும்ப இழுத்து. இத்தனை நாளும் இப்படித்தானா. வழக்கம் போல அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"சுதா."

முதல் தடவையிலேயே கேட்டது. ஓடினேன். சளி இல்லை, முகம் சரியாகத்தான் இருந்தது. என்ன வேணும் என்றேன்.

"நீ அழுவுறது கேக்குது."

இல்லையே என்றேன்.

"மின்ன அந்த பேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. தெனமுமா?"

முந்தானையால் கையைத் துடைத்தேன். காய்ந்த கையையே திரும்பத் திரும்ப. அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

"சத்தத்த கூட்டி வச்சிட்டு போ."

கூட்டினால், அவர் கூப்பிடுவது எனக்குக் கேட்காது. ரிமோட் கையில். நின்றேன்.