ஒரே சொல் இரண்டு இடத்தில்

அன்புள்ள நஸீரா ராத்தா,

போன சனிக்கிழமை உங்கள் கட்டுரையைக் கருத்தரங்கில் வாசித்தேன். வாசிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

குர்ஆனின் ஒரு வசனத்தை இன்னொன்றோடு எது சேர்த்துப் பிடிக்கிறது என்பதுதானே உங்கள் ஆய்வு. திரும்ப வரும் சொல், எதிர்ச்சொல், ஓரினச் சொல். களனிப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக மொழியியல் படித்தபோது, அரபு தெரியாத எனக்கு ஒரு சிறிய அத்தியாயத்தை விளக்கினீர்கள். தொடக்கத்தில் பகலும் இரவும். நடுவில், அநாதையாகவும் வழி தெரியாதவராகவும் வறியவராகவும் இருந்த நபிக்கு இறைவன் செய்தவை. பிறகு, அநாதையை ஒடுக்காதே என்ற கட்டளை.

“அதே சொல்தான். மேல அவங்கட கதை, கீழ அவங்கட கடமை,” என்றீர்கள்.

போர்க்காலத்து வெள்ளவத்தைச் சுற்றிவளைப்புத் தேடுதலில் என்னை லொட்ஜிலிருந்து பொலிஸுக்குக் கொண்டுபோனபோது, தட்டச்சு செய்ய வாங்கிய உங்கள் பக்கங்கள் என் பையில் இருந்தன. அரபு எழுத்து, சொல்லுக்குச் சொல் சிவப்பு அம்புக்குறி. யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் இது என்ன வரைபடம் என்று கேட்டார்கள். ஷெல்லடியில் அப்பாவை இழந்து அந்த வருடம்தான் கொழும்புக்கு வந்திருந்தேன். எனக்காக வர வேறு யாருமில்லை.

தெஹிவளையிலிருந்து நீங்கள் வந்து, அந்த அதிகாரிக்கு ஒவ்வோர் அம்பாகச் சிங்களத்தில் விளக்கினீர்கள். இவளுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் அவர் கேட்டார். கையெழுத்து வைத்தீர்கள். வெளியே வந்ததும், “சாமான எடுத்துக்கோங்க. இனி நீங்க எங்கட ஊட்டுலதான்,” என்றீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நோய் உங்களைக் கொண்டுபோன பிறகும் அங்கேதான் இருக்கிறேன். உங்கள் உம்மா போக விடவில்லை.

கருத்தரங்கில் ஒரு மௌலவி எழுந்தார். இந்துப் பெண் இதை வாசிக்கலாமா என்று கேட்கப்போகிறார் எனப் பயந்தேன். அவர் கேட்டது வேறு.

“அதே அத்தியாயத்துல, கேக்கிறவர வெரட்டாதீங்க எண்டும் வருதே, அது மேல எதோட சேருது? வறுமையோடயா, வழி தெரியாம இருந்ததோடயா?”

பிச்சை கேட்பவரா, அறிவு கேட்பவரா? உங்கள் கட்டுரை அங்கேதான் நின்றுபோயிருந்தது. தெரியாது என்றேன். முற்கால உரையாசிரியர்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்தால் நூல்களைக் காட்டுகிறேன் என்றார். நீங்கள் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள், ராத்தா?

வரும் வாரம் அவரிடம் போகிறேன். அரபை எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன், பிழை விட்டால் உம்மா திருத்துகிறார். மிச்சத்தை எழுதி முடிப்பேன். அட்டையில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும்.

உங்கள் வீட்டுத் தங்கச்சி,
சிவகாமி