மருமகன் வகுப்பில் மாமி

மே 3, சனி

இன்று முதல் நான் கம்பஸ் மாணவி. அறுபது தாண்டியவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு. பெயரும் வயதும் கேட்டார்கள், எதுவரை படித்தேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்தாம் வகுப்பு என்று நிமிர்ந்துதான் சொல்லியிருப்பேன். பேத்தி அப்ராவும் ஐந்தில்தான். "உம்மம்மா, அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே வகுப்பு" என்கிறாள். நேற்று வரைக்கும்தான் என்றேன்.

முடிவில் மேடையில் சான்றிதழ் தருவார்கள். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

மே 10

பக்கத்துக் கதிரை கேதீஸ்வரி, நற்பிட்டிமுனை வயல்காரி. இன்று பாடம் எடுக்க வந்த டொக்டர் எல்லோரையும் சீனியைக் குறைக்கச் சொன்னார். இடைவேளைத் தேத்தண்ணியிலும் சீனி இல்லை. "இதக் குடிக்கவா கா பஸ் ஏறி வந்த நாம?" என்றாள். என் வீட்டில் அந்தக் குறை கிடையாது. மருமகனுக்கு இரண்டு கரண்டி போட்டுத்தான் மகள் சஹ்லாவிடம் கொடுத்தனுப்புவேன்.

மே 17

யா அல்லாஹ். காலநிலைப் பாடம் நடத்த வந்து நின்றது மருமகன் ஜவாத். கம்பஸில் படிப்பிக்கிறார் என்று தெரியும், இந்தக் கிழவிகள் வகுப்புக்கும் வருவார் என்று யார் கண்டது?

சஹ்லாவைக் கட்டி என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரோடு நான் நேரே கதைத்ததில்லை. என் உம்மாவும் தன் மருமகனோடு கதைத்ததில்லை. அது மரியாதை. அவர் மண்டபத்துக்கு வந்தால் நான் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவேன். இங்கே குசினிக்கு எங்கே போவது? முக்காட்டை இழுத்துக்கொண்டு கேதீஸ்வரியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

வீட்டில் சஹ்லாவைப் பிடித்துக்கொண்டேன். "அங்க தானும் படிப்பிக்க வாறத அவர் எப்பயோ சொல்லச் சொன்னவர் உம்மா. நான்தான் மறந்துட்டன்."

மே 24

பாடம் கச்சான் காற்று, மேற்கிலிருந்து வந்து நம்மூரைக் காய்ச்சுகிற அதே காற்று. அது ஏன் இப்படிச் சுடுகிறது? கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீ கேளு கா" என்று கேதீஸ்வரியை இடித்தேன். கேட்டாள். காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து இறங்கும்போது சூடாகிறதாம். ஜவாத் அவளைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிட்டு, "மாமிக்கு விளங்கினதா எண்டு கேளுங்க" என்றார்.

"விளங்கின எண்டு சொல்லு" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "நான் படிக்க வந்தனா, இவங்களுக்குத் தூது போக வந்தனா?" என்றாள் அவள். கோபம் வந்தது. சிரிப்பும்தான், கொஞ்சம்.

மே 31

கடைசி நாள் ஒவ்வொருவரும் முன்னால் நின்று ஐந்து நிமிடம் கதைக்க வேண்டும். பிறகு கேள்விக்குப் பதில். இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. எனக்குத் தந்த தலைப்பு கச்சான். கேள்வி கேட்கப்போவது - வேறு யார்?

போகாமல் விட்டால்? தெருவில எந்த முகத்த வெச்சிக்கிட்டுப் போற? சரி, போனால்? அவருக்கு முன்னால எந்த முகத்த வெச்சிக்கிட்டு நிக்கிற?

ஜூன் 7, ஹஜ்ஜுப் பெருநாள்

வகுப்பு இல்லை. கதவுச்சீலைக்குப் பின்னால் நின்று அவருக்குச் சலாம் சொல்லிப் பார்த்தேன். சத்தம் வெளியே வரவில்லை. இனிப்பு வட்டிலப்பம் மட்டும் சீலையைத் தாண்டிப் போனது.

ஜூன் 14, கடைசி நாள்

கதைத்தேன். ஐந்து நிமிடமும் மின்விசிறியைப் பார்த்து.

ஜவாத் எழுந்தார். பழக்கதோசம், கேதீஸ்வரியைத் தேடினேன். அந்தக் கள்ளி வேண்டுமென்றே யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. மனிசனுக்கும் பயம்தான் போல. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"அப்ப அந்த மழைக்கு என்ன நடக்குது மாமி?"

"அது மலைக்கு அங்கால பெஞ்சி முடிஞ்சிரும், மருமகன். நமக்கு வாறது காஞ்ச காத்துதான்."

கேதீஸ்வரிதான் முதலில் கைதட்டினாள்.

ஜூன் 15

சஹ்லா குளித்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியை நானே மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். "மருமகன், சீனி காணுமா பாருங்க."

ஒரு மிடறு குடித்தார். "கோவிக்காதீங்க மாமி. நான் சின்ன வயசில இருந்தே சீனி போடாமத்தான் குடிக்கிற."

கச்சான் ஏன் சுடுகிறது என்று ஊருக்கே விளங்கப்படுத்துகிற மனிசன், இதைச் சொல்ல இத்தனை வருசம்.

கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து வேறு ஊற்றினேன்.