பவளப்பாறையில் கட்டிய கயிறு

கலங்கரை விளக்கத் தீவு,
மலாக்கா.
12-3-1955

அன்புத் தங்கச்சி நூர் பீவிக்கு, உன் காக்கா ஹபீபுல்லா கடல் நடுவிலிருந்து எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் மாப்பிள்ளை நைனா முகம்மது நலம். நானும் நலம். இரண்டு பேருக்கும் கை கால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இதை முதலில் எழுதக் காரணம், கடிதத்தின் பாதியில் நீ பதறி எழுந்துவிடக் கூடாது. ஏழு மாத வயிற்றோடு பதறுவது நல்லதில்லை. உட்கார்ந்து படி.

போன மாதம் நீ பாச்சாங்கிலிருந்து பஸ் ஏறி, இரண்டு செக்போஸ்ட்டில் இறங்கி ஏறி, பெம்பானில் இருக்கும் என் கடைக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாயே, அன்று உன்மேல் எனக்குக் கோபம்தான். வந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் உன் மாப்பிள்ளைக்குக் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக் கடலுக்கடியில் இறங்கக் கற்றுக்கொடுத்துவிட்டார், சர்க்கார் மீன் ஆபீஸில் எழுத்துவேலை பார்க்கும் கிராணிகளில் படம் வரையத் தெரிந்தவர் உன் மாப்பிள்ளை ஒருவர்தான், பவளப்பாறைகளை அடியில் போய் வரையப் போகிறார் என்றாய். அவர் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கப்போவது யாரோ ஒரு கூலியாள் என்றும் சொன்னாய். கீழக்கரையில் நம் அப்பாமார் சங்கு குளித்த காலத்தில் மச்சான்தான் கயிறு பிடிப்பானாம். தன் தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் கயிற்றை விடமாட்டான் என்பதால் அந்த ஏற்பாடு. அது எனக்கும் தெரியும். வாப்பா உனக்குச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

கடைசியில் நீ சொன்னாய்: "அவரை மன்னிக்க வேணாம் காக்கா. கயித்தை மட்டும் பிடிங்க."

நான் சாமான் நிறுத்துக்கொண்டிருந்தேன். சரி என்று எப்படிச் சொல்வேன்? இரண்டு வருஷத்துக்கு முன் எஸ்டேட்டில் பால் வெட்டும் முத்தாயி கைக்குழந்தைக்கு டின் பால் வாங்க வந்தாள். டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும், காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாது என்பது அவசரகாலச் சட்டம். ஓட்டை போட்டால் சாயங்காலத்துக்குள் எறும்பு மொய்த்துவிடும், குழந்தைக்கு ஆகாது என்று அழுதாள். ஓட்டை போடாமல் கொடுத்தேன். எஸ்டேட் கேட்டில் டின்னைப் பிடித்து, என்னைப் போலீஸ் ஸ்டேஷனில் அடைத்துவிட்டார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் உள்ள ஒருவர் எனக்காகக் கையெழுத்துப் போட்டால் அன்றே விட்டிருப்பார்கள். உன் மாப்பிள்ளை ஸ்டேஷன் வாசல் வரை வந்தார். வேலை போய்விடும் என்று சொல்லித் திரும்பிப் போனார். முப்பத்தேழு நாள் உள்ளே இருந்தேன். வெளியே வந்த அன்று, இனி உன் வீட்டில் ஒரு வாய்ச் சோறு தின்னமாட்டேன் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். சொன்னதைக் காப்பாற்றியும் வந்தேன்.

ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்தேன். உனக்காக வந்தேன். அதை உன் மாப்பிள்ளைக்குத் தெரியப்படுத்தும்படி, படகில் அவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தேன்.

வேலை இதுதான். நான் கயிற்றை ஒரு தடவை சுண்ட வேண்டும். அவர் அடியிலிருந்து ஒரு தடவை சுண்டினால் நலம். மூன்று தடவை சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை போதும் என்றார் துரை. எனக்கு அது மனசில் ஏறவில்லை. சங்கு குளிக்கிறவன் நூறு எண்ணுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும் என்றே கேட்டு வளர்ந்தவன் நான். நூறு எண்ணியதும் கை தானாகச் சுண்டிவிடும். இரண்டு நாள் இப்படியே போனது. பேச்சு வார்த்தை இல்லை, சுண்டல் மட்டும். அடியில் கண்ணாடி பதித்த ஒரு மரப்பெட்டி துரையிடம் இருக்கிறது. அதை நீரில் அமுக்கி ஒருமுறை பார்த்தேன். கடலுக்கடியில் கருப்பட்டியைக் கவிழ்த்து அடுக்கியதுபோல் பாறைகள், மான்கொம்புபோல் கிளைகள், அவற்றுக்கு நடுவே நீல மீன்கள். அந்த அழகுக்குள்ளே நம் நைனா முகம்மது கால்களை மெல்ல அசைத்துக்கொண்டு தொங்குகிறார். வாயிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. பெட்டியை உடனே எடுத்துவிட்டேன். கோபமாக இருக்கும்போது ஒருவரை அப்படிப் பார்க்கக் கூடாது.

மூன்றாம் நாள், அதாவது நேற்று, காற்றடித்துக் கடலின் மேல்தண்ணீர் கலங்கிவிட்டது. பெட்டி வழியாக ஒன்றும் தெரியவில்லை. நூறு எண்ணிச் சுண்டினேன். பதில் இல்லை. மறுபடி சுண்டினேன். கயிறு விறைப்பாக நின்றது, உயிர் இல்லை. உன் முகம் ஞாபகம் வந்தது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். ஆனால் வரவில்லை. அவர் முகம்தான் வந்தது. காலை ஊன்றி, இருந்த பலத்தையெல்லாம் போட்டு இழுத்தேன். கயிறு சட்டென்று லேசாகி மேலே வந்தது. அதன் நுனியில் பானை அளவுக்கு ஒரு பவளக்கல். ஆள் இல்லை.

அடுத்து நடந்ததை மலாய்ப் படகோட்டிதான் பிறகு எனக்குச் சொன்னார். கைலியோடு குதித்துவிட்டேனாம்.

நடந்தது இவ்வளவுதான். நான் நொடிக்கொரு தரம் சுண்டுவதில் உன் மாப்பிள்ளைக்கு ஒரு கோடுகூட நேராக வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து ஒரு பவளப்பாறையில் கட்டிவிட்டு நிம்மதியாக வரைந்துகொண்டிருந்திருக்கிறார். பாறை எனக்கு எப்படிப் பதில் சொல்லும்? பாறை பிய்த்துக்கொண்டு போவதைப் பார்த்து மேலே வந்தவர், நான் உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். வாயில் இருந்த காற்றுக்குழாய் ரப்பரைத் துப்பிவிட்டு அவர் சொன்னது, இரண்டு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு:

"மச்சான், உங்களுக்கு நீந்தத் தெரியாதே."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றேன். பிறகு இரண்டு பேரும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினோம். எனக்கு அழுகை வந்தது நூர் பீவி. கடலில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

துரைக்குப் பொல்லாத கோபம். வரைய வந்த பவளத்தை நான் பிய்த்துவிட்டேன், நீச்சல் தெரியாதவன் படகில் இருக்கக் கூடாது, நாளைக்கே கரைக்கு அனுப்புகிறேன் என்று குதித்தார். இனி இந்த ஆளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, எழுதிக் கொடுப்பவர் உண்டா என்று கேட்டார். உன் மாப்பிள்ளை எழுந்தார். இவர் என் மச்சான், இவருக்கு நான் பொறுப்பு, இவர் கயிறு பிடிக்காவிட்டால் நான் இறங்கமாட்டேன், வேலை போனாலும் சரி என்று இங்கிலீஷில் சொன்னார். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும். காகிதத்தை வாங்கி ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டார். மை பரவி எழுத்தே தெரியவில்லை. துரை அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் அந்தக் காகிதம் போன பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை மறுபடி இறங்கினார். கயிறு இடுப்பில்தான் இருக்கிறது, முடிச்சை நானே போட்டேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறைதான் சுண்டுகிறேன். நடுவில் நூறு எண்ணுவதை நிறுத்த முடியவில்லை, அது பழகிப்போன வியாதி. அவரும் நான் சுண்டாதபோதே ஒரு தடவை சுண்டிவிடுகிறார்.

குடிதண்ணீர் கொண்டுவரும் படகில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ பளு தூக்காதே. உன் பிரசவத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக. பிறந்ததும் பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல ஆள் தேட வேண்டாம், நான் இருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாங்கள் இருவரும் ஒன்றாக வருகிறோம். மீன் வாங்காதே, நாங்கள் கொண்டுவருவோம். தனித்தனியாகத் தட்டு வைக்காதே, தங்கச்சி. உம்மா உனக்குச் சீராகத் தந்த, நாலு பேர் கூடி உண்ணும் பெரிய சகன் தட்டு பரண்மேல் இருக்குமே, அதை யாரையாவது விட்டு இறக்கிக் கழுவி வை. இரண்டு பேருக்கும் அந்த ஒரே சகனில் சோறு போடு.

உன் காக்கா,
ஹபீபுல்லா