மூவரில் யார் யாரோடு

11-2-1936
மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல். இரண்டையும் மூன்றையும் முதலில் கூட்டிப் பிறகு நான்கைச் சேர்த்தாலும் ஒன்பது. மூன்றையும் நான்கையும் முதலில் கூட்டினாலும் ஒன்பது. அர்த்தனாரி அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப யாரை யாரோட சேர்த்தாலும் ஒண்ணுதானா கண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். அண்ணன் என் பாடத்தைக் கேட்டதில் எனக்கு ஒரே பெருமை.

14-2-1936
ஞாயிறு பாகப்பிரிவினை. அப்பா விட்டுப்போன மிளகுக்கொடி நாற்பத்தெட்டு, நாங்கள் மூன்று பேர். பதினைந்து கொடியாவது இருந்தால்தான் மகள் பாப்பாத்தியைத் தருவேன் என்று குண்டனி நாட்டு மாமா தம்பி மாதேஸ்வரனிடம் சொல்லியிருக்கிறார். ஆளுக்குப் பதினாறு வருமே! பயல் இப்போதே மாப்பிள்ளை நடை நடக்கிறான்.

16-2-1936
எங்கள் மலையில் பாகம் என்றால் ஒருவன் இரண்டாகப் பிரிப்பான், மற்றவன் எடுப்பான். மூன்று பேருக்கு எங்கள் வீட்டில் இதுவரை பிரித்ததில்லை.
அண்ணன் சொன்னார்: "நீயும் தம்பியும் ஒரே அடுப்புல திங்கறீங்க. நீங்க ஒரு கை, நான் ஒரு கை. அப்பறம் உங்களுக்குள்ள பிரிச்சுக்குங்க. யாரை யாரோட சேர்த்தா என்ன, நீயே சொன்னியே?"
ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க, ஒண்ணுதானுங்க" என்றேன். வெற்றிலை மாற்றினோம். மாற்றிவிட்டால் எங்கள் மலையில் அதற்குமேல் பேச்சில்லை.
தோட்டத்தில் எண்ணும்போதுதான் உறைத்தது — அண்ணனுக்கு இருபத்துநான்கு, எங்களுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு. கூட்டலுக்குச் சொன்னதைப் பாதி பிரிப்பதற்கும் ஒப்புக்கொண்டேனே! வாத்தியாராம் வாத்தியார்.

17-2-1936
அண்ணனும் கவனித்திருக்கமாட்டார். சொன்னால் சரிசெய்துவிடுவார்.

18-2-1936
அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மட்டும் இருந்தார். "பாகம் முடிஞ்சு இப்பத்தான் நிம்மதிங்க சாமி. தை பாதியில இருந்தே பலாக்கொட்டைய நாப்பத்தெட்டு எண்ணி வெச்சுக்கிட்டு, இப்படிப் பிரிக்கறதும் அப்படிப் பிரிக்கறதுமா உக்காந்திருந்தாருங்க."
தை பாதியிலிருந்தே! அப்படியானால் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது எதற்கு?
பாவி. அம்மா செத்த பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காரவள்ளிக்கு இறங்கிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன். படிக்க வெச்சது இதுக்குத்தானா? என் பங்கைக் கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனேடா!

19-2-1936
இன்று மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் எடுக்கவில்லை.

24-2-1936
அண்ணனைப் பாதையில் மறித்துக் கேட்டேன். "உனக்கு மாசமானா சம்பளம் வருது. பொண்டாட்டி போயி ஒண்டிக்கட்டையா இருக்கே. எனக்கு மூணு பொட்டப்புள்ளைங்க" என்றான்.
"தம்பிக்கு?"
கீழே பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

2-3-1936
எங்கள் இருபத்துநான்கில் தம்பிக்குப் பதினாறு, எனக்கு எட்டு என்றேன். "வேண்டாங்ண்ணா, பெரியண்ணன்கிட்டத் திரும்பக் கேக்கலாம்" என்று அழுதான். அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன்.

14-5-1936
தம்பி கல்யாணம். பந்தியில் அண்ணன், நான், தம்பி என்று வரிசையாக உட்கார்ந்தோம். சின்ன வயதில் செய்வதுபோலவே அண்ணன் தன் இலையிலிருந்த வெல்லக் கச்சாயத்தை எடுத்து என் இலையில் வைத்து, "தின்னு கண்ணு" என்றார்.
எழுந்து தம்பிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.