கிளாரினெட்டுக்கு அடித்த கிளியர்

அண்ணா,

இன்று காலை ஒரு ஸ்கூட்டரின் மட்கார்டுக்கு, பெயின்டின் மேல் பூசும் நிறமில்லாத கிளியரை அடித்துவிட்டு முகமூடியைக் கழற்றினேன். தின்னர் வாசம் கொட்டகை முழுக்க நின்றது. அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். போன மழைக்காலத்தில் நீங்கள் கண்மூடியதிலிருந்து இப்படித்தான். எனக்கு அதில் வருத்தமில்லை, வாருங்கள்.

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் ஜீப் ஓட்டுவது உங்களுக்குப் பிழைப்பு. கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பதுதான் உயிர். அந்த விரல்கள் ஒரு வருஷம் வெடிக்கத் தொடங்கின. வாசித்த மறுநாளெல்லாம் நுனி சிவந்து, கொப்புளம் கட்டி, தோல் உரிந்தது. கிளாரினெட்டில் விரலால் அழுத்தும் கீகளில் பூசியிருக்கும் நிக்கல் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதைத் தொடாமலிருந்தால் ஆறிவிடும் என்று சேலத்து டாக்டர் சொன்னார். கையுறை போட்டு வாசித்துப் பார்த்தீர்கள். துளை எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியவில்லை. வாழவந்தி மாரியம்மன் நோம்பிக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஏற்காட்டில் என் பெயின்ட் கொட்டகைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். அப்படி உங்களை நான் பார்த்ததே இல்லை.

"அந்தக் கீயையெல்லாம் கழட்டிக் குடுங்கண்ணா. பைக் டேங்குக்கு அடிக்கற கிளியரையே அதுக்கும் அடிச்சர்றேன். அப்பறம் நிக்கல் எப்படிங்க விரல்ல படும்?" என்றேன்.

"வாத்தியம் கெட்டுப்போச்சுன்னா, அம்மிணி?"

"கெட்டா சொரண்டி எடுத்துக் குடுக்கறனுங்க. நொம்ப யோசிக்காதீங்க."

சொன்னபடி எடுக்கத்தான் வேண்டியிருந்தது. நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஏரிப்பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவிட்டது. ஈரக் காற்று பட்டதும் கிளியர் வெளுத்தது. திருகு நுழையும் ஓட்டைகளிலும் போய் அடைத்துக்கொண்டது. ஒரு கீயை அழுத்தினீர்கள், அது திரும்ப எழவில்லை. நீங்கள் கோபிக்கவில்லை. வானத்தைப் பார்த்துவிட்டு, "மேல ஆகாதது கீழ ஆகும், வா" என்றீர்கள்.

எல்லாவற்றையும் தின்னரில் கழுவி, ஓட்டைக்கு ஓட்டை தீக்குச்சி சொருகி, கம்பியில் கோத்து ஜீப்பில் தொங்கவிட்டேன். மலையிறங்கும்போது பின்னால் இருந்த ஒரு அம்மா, பெண்ணுக்குக் கொலுசு செய்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று நீங்கள் சொன்ன தோரணையில் அவர் அதை நம்பியே விட்டார். அடிவாரத்தில் உங்கள் கூட்டாளி வீட்டு மொட்டை மாடியில், காய்ந்த வெயிலில், மெல்லிசாக ஒரு பூச்சு அடித்தேன். அது காய்ந்ததும் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. கண்ணாடி போல வந்தது. நன்றாக இறுகும்வரை தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொரு டிரிப்புக்கும் வண்டியை நிறுத்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனீர்களாம்.

நோம்பிக்கு நீங்களே வாசித்தீர்கள். தேர் நிலைக்கு வரும்வரை நிறுத்தவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கொட்டகைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தீர்கள். கொப்புளம் இல்லை, சிவப்பும் இல்லை. அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன், நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு வருஷா வருஷம் பூச்சு தேய்ந்ததும் கொண்டுவந்தீர்கள். கடைசி வரை வாசித்தீர்கள்.

அதுவரைக்கும் நான் வண்டி பளபளக்கிறதா என்று மட்டும் பார்த்தவள். இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அவர்கள் கையைப் பார்க்கிறேன். போன வாரம் கரடியூரிலிருந்து ஒரு சின்னப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். மூக்குக்கண்ணாடியின் கம்பி பட்டுக் காதோரம் புண்ணாகியிருந்தது. இதுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பீர்களா என்று அந்த அம்மா தயங்கிக் கேட்டார்.

"எங்க படுதுன்னு காட்டு, கண்ணு" என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.