பாலத்தில் நிற்கிற பொண்ணு

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடிவீட்டு நர்ஸம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று ஒரு வரி வந்தால் அதுவும் உட்காரும். உன் அண்ணனுக்கு வேலை மாற்றலாகி, போன வாரம் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போகும்போது தங்கச்சி கூப்பிடுகிறாளே, போய் இருங்களேன் அப்பா என்று அவனும் ஆரம்பித்தான். முதலில் உன் லாரிக்காரன் அலமாரிக் கண்ணாடியை உடைக்காமல் பார் என்று அனுப்பிவைத்தேன். போனில் நீ கேட்டபோதும் நான் மழையைப் பற்றிப் பேசித் தப்பித்தது உனக்குத் தெரியாமலா இருக்கும். அதனால்தான் கடிதம். போன் என்றால் நீ நடுவில் அழுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

எல்லாம் அந்தப் பொம்மைப் படத்தால் வந்தது. உங்க அம்மா போன பிறகு நீ வந்து இருந்தாயே, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் டிவியைப் போட்டு உட்கார்ந்தோமே, அன்றைக்கு ஆரம்பித்தது. உடைந்த பாலங்களைச் சரிசெய்துகொண்டு ஊர் ஊராகப் போகிற பொண்ணு, ஆற்றோரத்து வீட்டில் ஒண்டியாக அவள் அப்பன், அவன் வளர்க்கிற மூக்கு நீண்ட வாத்து. முதல் நாள் அவள் போட்டிருந்தது பச்சைச் சட்டை, இடது கையில் பட்டன் இல்லை, எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. நீ ஊருக்குப் போன பிறகும் சாயங்காலம் நான் இங்கே பார்க்க, நீ அங்கே பார்க்க, போனில் அதைப் பற்றியே பேசினோம். வேறு எதைப் பேசினாலும் உங்க அம்மாவில் போய் முடியும், அது ரெண்டு பேருக்கும் வேண்டாம். அப்படி இருக்கும்போது ஒருநாள் அவளை நடுப்பாலத்தில் நிறுத்திவைத்துவிட்டு படத்தையே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் போட்டால் ஒருத்தி குக்கர் விற்கிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. கதவைத் திறக்கிறேன், மூடுகிறேன், தெருமுனை வரை போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புகிறேன். அதற்குப் பிறகுதான் நீ ஒருநாள் பேச ஒன்றும் இல்லாமல், இங்கேயே வந்துவிடுங்கள் அப்பா என்று கேட்டாய்.

சலூன்காரரிடம் புலம்பினேன். அவர் என் கன்னத்தில் சோப்பைத் தடவிக்கொண்டே, அண்ணே அது படக்கதைப் புஸ்தகமாக வந்ததுதான், அதில் பார்த்துத்தான் டிவிக்காரன் எடுத்தான், முழுக்கதையும் கடையில் கிடைக்கும் என்றார். இத்தனை வயசுக்கு எனக்கு இது தெரியாது பார். எழுத்து இருக்கிற எதையும் எனக்கில்லை என்று தள்ளியே பழகியவன். பழைய புத்தகக் கடையில் கடைசிப் பாகத்தைக் கேட்டு வாங்கினேன். சலூனில் வைத்துப் பிரித்தேன், அடுத்து பால் புட்டி வாங்கித் தரட்டுமா என்று அவர் ஒரே கேலி. சிரித்துக்கொள்ளட்டும். உள்ளே பார்த்தால் எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. டிவியில் ஓடிப்போகிற முகம் இங்கே எனக்காக நிற்கிறது. வாத்தின் கண்ணை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒருத்தரும் அவசரப்படுத்துவதில்லை. எழுத்து தெரியாதவனுக்கும் இப்படி ஒன்று செய்துவைத்திருக்கிறானே, அவன் கைக்கு மோதிரம் போட வேண்டும்.

ஆனால் கதை எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் பூட்டின வீடு. பிறகு அப்பனும் பொண்ணும் மூட்டையோடு வாசலில் நிற்கிறார்கள். உள்ளே பாத்திரமும் அலமாரியும் மூட்டையுமாக ஒரே அமளி. சரி, ரெண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள் என்று நிம்மதியானேன். பக்கம் புரட்டப் புரட்ட மேசையில் பெரிய சண்டை, அப்பன் தலையை ஆட்டுகிறான், அவள் கையை விரிக்கிறாள். கடைசிப் படத்தில் அவள் மட்டும் அந்தப் பாலத்தில், தோளில் பையோடு. போய்விட்டாள். கிழவனை விட்டுவிட்டுப் போய்விட்டாள். சலூன்காரரிடம் சண்டையே வந்துவிட்டது, அந்தப் பொண்ணு அப்படிச் செய்யாதண்ணே என்று அவரும், நான் கண்ணால் பார்த்தேன் என்று நானும். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. பொண்ணு என்றால் கடைசியில் பாலத்தில்தான் நிற்கும், நம்பிப் போனால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று எனக்குள் ஒரு வீம்பு. இன்று நர்ஸம்மா பிரஷர் பார்க்க வந்தபோது, நான் வரவில்லை, இனிமேல் கூப்பிடாதே என்று உனக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அவரும் எழுதினார். எழுதி முடித்து, ஏன் பெரியவரே இந்தக் கோபம் என்றார். புத்தகத்தைக் காட்டினேன்.

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தவுடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கே விரித்து நீட்டிய ஒரு கையின் படமும் நாலு வரி எழுத்தும் இருந்தது, நான் சோப்பு விளம்பரம் என்று தாண்டிவிட்டேன். அதில், நில், இது கடைசிப் பக்கம், புத்தகத்தைத் திருப்பிப் பிடி என்று எழுதியிருக்கிறதாம். அது வெளிநாட்டுப் புத்தகமாம், நாம் கடைசி என்று நினைக்கிற பக்கத்திலிருந்துதான் தொடங்குமாம். அப்படியானால் பக்கத்தின் எண் குறைந்துகொண்டே வந்ததே, அதுகூடவா தெரியவில்லை என்று கேட்டார். எண் எனக்குத் தெரியாதா. ஆயுசு முழுக்க அந்தப் பெரிய கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டியவன், எண் ஏறும், இறங்கும், அதில் சந்தேகப்பட எனக்கு என்ன இருக்கிறது. சரி கீழே போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தோம். டிவி என்றால் அவள் நடப்பாள், வருகிறாளா போகிறாளா என்று தெரிந்துவிடும். படத்தில் நின்றுகொண்டிருக்கிறவளை நாம்தான் நடக்க வைக்க வேண்டும். நான் அவளைப் போக வைத்திருக்கிறேன், அவள் வந்துகொண்டிருந்திருக்கிறாள். அப்பனைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள். மேசையில் அவன் என்னை மாதிரியே மாட்டேன் என்கிறான், மழையைப் பற்றிக்கூடப் பேசுகிறானாம், நர்ஸம்மா படித்துச் சொன்னார். பிறகு அவனே எழுந்து முதல் பாத்திரத்தை எடுத்து மூட்டையில் வைக்கிறான். கடைசியில் பூட்டின வீடு. வாத்து எங்கே என்று தேடினேன், வாசல் படத்தில் மூட்டைக்கு வெளியே அதன் மூக்கு தெரிகிறது.

அந்த முதல் கடிதம் கிழிந்து கூடையில் கிடக்கிறது. நர்ஸம்மா போன பிறகு நானும் நம்ம அலமாரியைத் திறந்து பார்ப்பேன். மூட்டை கட்டுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, உங்க அம்மாவின் டீ வடிகட்டி ஒன்று, அது என்னோடு வரும். டிக்கெட்டைச் சீக்கிரம் போடு, எனக்கு மனசு மாறுகிற வியாதி உண்டு. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நல்லா இருக்க வேண்டும். மறக்காமல் அந்தப் புத்தகத்தின் முதல் பாகங்களைத் தேடி வை. இன்னொன்று, உன் வீடு பதினோராம் மாடி என்றாய், நான் வருகிற அன்று லிஃப்டில் பொத்தானை ஒருத்தரும் தொடக்கூடாது, அது என் வேலை.

இடது கட்டைவிரல் ரேகையோடு,
உன் அப்பா.