சனிக்கிழமைப் படகு

நேற்று வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நம் மகன் கூடத்தில் காற்று மெத்தையை விரித்து மோட்டாரைப் போட்டான். அது உப்பி எழும்போது கிளம்பிய ரப்பர் வாடையில், துணி மடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பழவேற்காட்டுக் கரையில் நீங்கள் லாரி டியூப்களுக்குக் காற்றடித்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்தது.

இந்த நசரத்பேட்டை வீட்டில் எனக்கென்று தனி அறை. சென்னீர்குப்பத்தில் நமக்கு இருந்தது எட்டுப் பேருக்கு இரண்டு அறை. பகலில் நீங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலையாக இருப்பீர்கள். இரவில் நான் பெண்களோடு உள்ளே, நீங்கள் ஆண்களோடு மொட்டை மாடியில். திண்டுக்கல்லிலிருந்து வாழவந்தவள், உங்களிடம் "சோறு போடவா" என்பதற்கு மேல் பேசியதில்லை. கல்யாணமான ஏழாம் மாதம் என்னால் தாங்க முடியவில்லை. ஊருக்கே போய்விடலாமென்று பையில் துணி அடுக்கினேன். பார்த்தீர்கள், ஏன் என்று கேட்கவில்லை.

"நாளைக்கு சனிக்கெழம. என்னோட வா. அப்பால எங்க வேணா போ."

பழவேற்காட்டில் உங்கள் பள்ளித் தோழர் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு மாதா கோயிலுக்குப் போகிறவர் என்பதால் சனி இரவு அவர் படகு சும்மா கிடக்கும். பொழுது சாயும் முன் ஏரிக்குள் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டுபோய் நங்கூரம் போட்டீர்கள்.

"ஊட்ல பேசினா எட்டு பேருக்கு கேக்கும். இங்க கத்துனாலும் நாரைக்குத்தான் கேக்கும். பேசு."

கத்தினேன். அத்தனை மாதத்தையும் கொட்டினேன். நீங்களும் விடவில்லை. "எனக்கு மட்டும் இன்னா சொகமாவா கீது?" என்றீர்கள். படகு ஆட ஆட, ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டோம். எனக்குத் தொண்டை கட்டியபோது சிரித்துவிட்டீர்கள்.

"உன் கொரலு இவ்ளோ பெர்சா? இன்னிக்குத்தான் கேக்கறேன்."

அன்று தூங்க முடியவில்லை. படகின் குறுக்குச் சட்டங்கள் முதுகில் குத்தின. தண்ணீர் பக்கவாட்டில் அறைந்துகொண்டே இருந்தது. அடுத்த மாதம் நீங்கள் டியூப்களோடு வந்தீர்கள். ஆமாம், அடுத்த மாதமும் போனோம். அடுக்கிய துணி அலமாரிக்கே திரும்பியிருந்தது. முழுக்கக் காற்றடித்தால் ஆளை உருட்டிவிடும் என்று பாதி மட்டும் அடித்து, சட்டங்களுக்கிடையே வைத்து, மேலே பலகையும் ஜமுக்காளமும் போட்டீர்கள். நடுவில் கட்டியிருந்த நங்கூரக் கயிற்றை முனையில் கட்டச் சொன்னது நான். படகு காற்றுக்கு நேராகத் திரும்பியதும் தண்ணீர் அறைவது நின்றது. மூங்கிலில் கொசுவலை, பனிக்குத் தார்ப்பாய். அப்படியொரு தூக்கம் பிறகு எந்தக் கட்டிலிலும் எனக்கு வாய்க்கவில்லை.

வீட்டில் சித்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவந்தோம். ஒரு சனிக்கிழமை உங்கள் அம்மா புளிச்சோற்றுத் தூக்கை என் கையில் கொடுத்து, எங்கோ பார்த்தபடி, "தண்ணி மேல பனி ஜாஸ்தியா கீதாமே. கம்பளி எட்த்துக்கினியா?" என்றார். தெருமுனை வரை வேகமாக நடந்தோம். அப்புறம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மகன் பிறந்ததும் அந்தப் பயணம் நின்றது. பிறகு தனி வீடும் வந்தது. போன ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது கொஞ்ச நாளாக மகனும் மருமகளும் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் பேசுகிறார்கள். எனக்குக் கேட்கக்கூடாதாம். வெளியே வரும்போது இரண்டு முகமும் சிவந்திருக்கிறது.

அந்தப் படகில் பழகியது ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு என்னால் படுக்க முடியாது. சொல்ல நீங்கள் இல்லை. விருந்தாளிகள் கிளம்பியதும் இன்று காலை மகனிடமும் மருமகளிடமுமே சொல்லிவிட்டேன்: "பிள்ளைய நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் எங்கயாவது தண்ணிப் பக்கமாப் போயி, நல்லாச் சத்தம் போட்டுச் சண்டை போட்டுட்டு வாங்க."

மருமகள்தான் முதலில் செருப்பை மாட்டினாள்.